இளைஞனை முதலில் அழைப்பவன் யார்?



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திருப்பத்தூர், போளூர் என்று எந்த ஊருக்குப் போனாலும், எந்த அமைப்பின் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் காதில் விழுவது ஒரே புலம்பல்தான்: "இளைஞர்கள் வருவதில்லை." மேடையில் இருப்பவர்களுக்கு அறுபது வயது. எதிரே நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஐம்பது. கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் மட்டும் இருபது வயதுப் பிள்ளைகள் நாலு பேர் வருவார்கள். மைக் பேசத் தொடங்கியதும் அவர்களும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி விடுவார்கள். இது நம் சமுதாய அமைப்புகளுக்கு மட்டும் வந்த நோயல்ல. உழைக்கும் மக்களின் பெயரால் இயங்கும் இடதுசாரிக் கட்சிகளும் இதே கவலையைத்தான் மாநாட்டுக்கு மாநாடு பேசி வருகின்றன.

ஆனால் ஒன்றை நாம் யோசிப்பதில்லை. இளைஞன் எங்கேயும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவனை யாரோ அழைத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் அழைக்காவிட்டால் வேறொருவன் அழைப்பான். "இளைஞன் ஏன் நம்மிடம் வரவில்லை" என்று கேட்பதை விட, "அவனை நமக்கு முன்னால் போய் அழைத்தவன் யார்" என்று கேட்பதே சரி. அந்தக் கேள்விக்கான விடையை நம் ஊர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஒரு மலை சொல்கிறது. அதுதான் ஜவ்வாது மலை.

நமக்கும் மலைக்கும் உள்ள கணக்கு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஏறினால் ஜமுனாமரத்தூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். காவலூரில் வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் காலடியில் வாழும் மக்களின் வாழ்க்கையைப் பார்க்கத்தான் ஆளில்லை. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். தமிழ்தான் அவர்கள் மொழி.

வியாபாரிகளான உங்களுக்கு இந்த மலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாமை, தேன், புளி, சீத்தாப்பழம், பலா என்று மலையிலிருந்து இறங்காத சரக்கில்லை. நம் தோல் தொழிலின் பழைய கதையே மலையோடும் காட்டோடும் பின்னியது. குரோமியம் வருவதற்கு முன் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தானே! தொட்டியில் தோலை ஊற வைத்தவரும், காட்டில் கடுக்காய் பொறுக்கியவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒருவர் உழைப்பில் மற்றவர் பிழைத்தார்கள்.

மலையில் சந்தனமும் விளைந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. ஆனால் தன் காட்டில் நின்ற சந்தனம் மலைவாசிக்கு ஒருநாளும் மணக்கவில்லை. வழக்காகவும் அடியாகவும் சிறையாகவும்தான் அது அவன் வீட்டுக்கு வந்தது.

தரகன் அழைத்தான்

2015 ஏப்ரல் 7. ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. உடன் சென்று உயிர் தப்பியவர்களோ, பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்கள்தான் மறுநாள் பிணமாகக் கிடந்தார்கள் என்று சாட்சி சொன்னார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன.

செம்மரத்துக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் பெரும் விலை. அந்த விலையில் மரம் வெட்டியவனுக்குக் கிடைப்பது கூலி மட்டும். கடத்தல் முதலாளி எந்தக் காட்டிலும் சுடப்படுவதில்லை. அவன் ஊர்ப் பெயர்கூட வெளியே வருவதில்லை.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. மலையிலிருந்த அந்தப் பிள்ளையை அழைத்தது யார்? அரசியல் கட்சியா? சங்கமா? பள்ளிக்கூடமா? இல்லை. தரகன் அழைத்தான். அவன் எப்படி அழைத்தான் என்பதையும் பாருங்கள். மேடை போட்டு அழைக்கவில்லை. வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான். குடும்பத்துக்கு என்ன கடன் என்று கேட்டான். கையில் முன்பணம் கொடுத்தான். எந்த நாள், எந்த வண்டி, எத்தனை பேர் என்று தெளிவாகச் சொன்னான். அவன் கொடுத்த வேலை சாவுக்கு வழி. ஆனால் அது வேலை. பையனின் பெயரைத் தெரிந்து வைத்துக் கொண்டு வந்த ஒரே வெளியாள் அவன்தான் என்றால், அந்தக் குற்றத்தில் நம் எல்லோருக்கும் பங்கில்லையா?

துப்பாக்கியும் அழைத்தது

இந்த மலையடிவாரம் இன்னொரு அழைப்பையும் கண்டிருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் திருப்பத்தூர், தருமபுரிப் பகுதிக் கிராமங்களில் நக்சல்பாரி இயக்கம் இளைஞர்களை ஈர்த்தது. கந்துவட்டிக் கொடுமையும் சாதிக் கொடுமையும் அங்கே உண்மையாகவே இருந்தன. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் இருந்தன. படித்த பையன்கள் வந்து "இது அநியாயம்" என்றபோது கிராமத்துப் பையன்களுக்கு அது நெஞ்சில் தைத்தது.

ஆனால் வழி துப்பாக்கியாகவும் வெடிகுண்டாகவும் மாறியது. 1980 ஆகஸ்ட் 6 இரவு திருப்பத்தூரில் பிடிபட்டவர்களைக் கொண்டு செல்லும்போது குண்டு வெடித்துக் காவல் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் சென்ற காவலர்களும் உயிரிழந்தார்கள். அதன் பிறகு நடந்த போலீஸ் வேட்டையில் "மோதல்" என்ற பெயரில் பல இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். கிராமங்கள் முழுக்கப் பயம் குடியேறியது. அநியாயத்தைத் தட்டிக் கேட்க வந்த இயக்கம், அநியாயத்தைப் பற்றிப் பேசவே மக்கள் அஞ்சும் நிலையில் போய் முடிந்தது.

"மோதல்" என்ற சொல்லின் பொருள் நம் சமுதாயத்துக்குத் தெரியாததல்ல. 1985 முதல் 1995 வரை இருந்த தடா, 2002 முதல் 2004 வரை இருந்த பொடா ஆகிய கறுப்புச் சட்டங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் விசாரணையே இல்லாமல் இளமையைத் தொலைத்தார்கள்! கோபம் கொண்ட இளைஞனை இரகசியத்துக்குள் அழைப்பவன், அவனைப் போலீசின் கையில் கொண்டு போய் ஒப்படைக்கிறான் என்பதே இந்த இரு வரலாறுகளும் சொல்லும் செய்தி.

சங்கம் அழைத்தது

மூன்றாவது ஓர் அழைப்பும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஜவ்வாது மலைக்குத் தெற்கே, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துக்கு வாருங்கள். அங்கே வாழ்வதும் அதே மலையாளிப் பழங்குடி. ஊரின் பெயர் வாச்சாத்தி.

1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள். கிணற்றைப் பாழாக்கினார்கள். ஆடு மாடுகளைத் தின்று தீர்த்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்கள், குழந்தைகள் உள்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். ஊரே காலியானது. அன்றைய அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தது.

அந்த ஊருக்குப் போய் உண்மையை வெளியே கொண்டு வந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் அதன் பின்னால் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியும். கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். அன்று சங்கத்தின் இளம் நிர்வாகியாக இருந்த பெ. சண்முகம் போன்றவர்கள் அந்த மக்களோடு நின்றார்கள். சி.பி.ஐ. விசாரணைக்கே 1995 வரை போராட வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள்!

1992ல் இருபது வயதில் அந்த வழக்குக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞனுக்கு 2023ல் ஐம்பத்தொரு வயது. அவனை அந்த இயக்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பிடித்து வைத்தது எது? பதவியா? அப்படி எதுவும் இல்லை. பணமா? இருக்கவே இல்லை. தான் செய்யும் வேலை உண்மையானது, தன் ஊர்ப் பெண்ணின் மானத்துக்கானது என்ற உணர்வுதான். 2025 ஜனவரியில் பெ. சண்முகம் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மலை மக்களிடையே வேலை செய்தவர் கட்சியின் தலைமைக்கு வந்த வரலாறு அது.

அழைக்கத் தெரிந்தவர்கள்

அடித்தட்டு மக்களிடையே சோசலிச இயக்கங்கள் வேர் பிடித்த இடங்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள். எங்கேயும் இளைஞர்கள் தத்துவத்தைப் படித்துவிட்டு வந்து சேரவில்லை. வேலையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தத்துவத்தைப் பிறகுதான் படித்தார்கள்.

திரிபுராவை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னராட்சிக் காலத்தில் மலை மக்களுக்குப் படிப்பு என்பதே எட்டாக்கனி. 1945 டிசம்பரில் தசரத் தேவ் உள்ளிட்ட படித்த பழங்குடி இளைஞர்கள் சிலர் ஜனசிக்ஷா சமிதி என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். புரட்சி என்று அறிவிக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் எழுந்தன. வாத்தியார்களாகப் போன இளைஞர்களே பின்னால் இயக்கத்தின் ஊழியர்கள் ஆனார்கள். 1952ல் முதல் மக்களவைத் தேர்தலில், தலைமறைவாக இருந்தபடியே தசரத் தேவ் வென்றார். 1993ல் திரிபுராவின் முதலமைச்சரே ஆனார்.

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 2018 மார்ச் 6 முதல் 12 வரை நாசிக்கிலிருந்து மும்பைக்குப் பல்லாயிரம் விவசாயிகள் செங்கொடியோடு நடந்தார்கள். சுமார் 180 கிலோ மீட்டர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிவாசிகள். முதன்மைக் கோரிக்கை வன உரிமைச் சட்டப்படி நிலப் பட்டா. கடைசி நாள் காலையில் மும்பைப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. போக்குவரத்து நின்றால் பிள்ளைகள் தவித்துப் போவார்களே என்று, பகலெல்லாம் நடந்து களைத்த அந்த மக்கள், வெடித்த பாதங்களோடு இரவோடு இரவாக நடந்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மும்பை மக்கள் மதம் பாராமல் தண்ணீரும் உணவும் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அந்த ஓர் இரவு நடை செய்தது. ஒழுங்கும் இரக்கமும் உள்ள இயக்கத்தை ஊரே மதிக்கிறது. இளைஞன் மதிக்க மாட்டானா?

"அவர்கள் நாத்திகர்களாயிற்றே!"

இதுவரை படித்த சிலர் இந்நேரம் முகம் சுளித்திருப்பீர்கள். "சோசலிசம் என்றால் நாத்திகம். நமக்கும் அதற்கும் என்ன?" என்பீர்கள். நேர்மையாகப் பேசுவோம். சோவியத் ஆட்சியில் மத்திய ஆசியாவில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. மக்களின் வயிற்றுக்காகப் போராடுகிறேன் என்பவன் மக்களின் நம்பிக்கையில் கை வைத்தால் கடைசியில் மக்களையே இழப்பான். அந்தப் பாடத்தை வரலாறு அவர்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது.

ஆனால் இந்திய வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. 1920ல் கிலாஃபத் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயன் ஆளும் மண்ணில் இருக்க மாட்டோம் என்று ஹிஜ்ரத் கிளம்பிய முஸ்லிம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் காபூல் வழியாகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முஹம்மது ஷஃபீக். பிக்கானீரிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்ட ஷவுக்கத் உஸ்மானிக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. பின்னாளில் கான்பூர், மீரட் சதி வழக்குகளில் சிறையிருந்தார்.

1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையின் சிங்காரவேலர். வரவேற்புக் குழுத் தலைவர் மவுலானா ஹஸ்ரத் மோஹானி. 1921ல் அஹமதாபாத் காங்கிரசில், காந்தியே தயங்கி நின்ற நேரத்தில், முழு விடுதலை வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தவர் இந்த மவுலானாதான். பலமுறை ஹஜ் செய்தவர். தொழுகையையும் விடவில்லை, உழைப்பாளியையும் விடவில்லை. "இன்குலாப் ஜிந்தாபாத்" என்ற முழக்கமே அவர் தந்ததுதான். அந்த முழக்கத்தின் முதற் சொல்லைத் தன் பெயராக்கிக் கொண்டு, கடைசி வரை ஒடுக்கப்பட்டவர்களுக்காகவே எழுதினார் கீழக்கரையில் பிறந்த சாகுல் ஹமீது. தமிழகம் அவரைக் கவிஞர் இன்குலாப் என்று அறியும். 2016ல் மறைந்தார்.

நான் உங்களை எந்தக் கட்சியிலும் உறுப்பினர் ஆகச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவனின் வீட்டுக்கு முதலில் போய்ச் சேருகிற வேலை யாருடைய தனிச் சொத்தும் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

இடதுசாரிகளுக்கும் ஒரு வார்த்தை

வாச்சாத்தியில் வென்ற இயக்கம் சேஷாசலத்தை ஏன் தடுக்க முடியவில்லை? இதை அவர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மலைவாழ் மக்கள் சங்கம் ஜவ்வாது மலையிலும் சாதிச் சான்றிதழ், பட்டா என்று கோரிக்கைகளோடு நிற்கிறது. ஆனால் கோரிக்கை மனு ஒரு பையனின் இன்றைய பசியைத் தீர்ப்பதில்லை. தரகன் இன்றைக்கே பணம் தருகிறான். சங்கம் பத்தாண்டுக்குப் பிறகு தீர்ப்பு தருகிறது. இந்த இடைவெளியை நிரப்பாமல் எந்த இயக்கமும் இளைஞனைத் தக்க வைக்க முடியாது. கூட்டுறவு, தொழிற்பயிற்சி, விளைபொருளுக்கு நேர்மையான சந்தை என்று இன்றைய வயிற்றுக்கும் ஏற்பாடு செய்கிற இயக்கமே இனி நிற்கும்.

சட்டமும் அரசும் செய்த தாமதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிரிடும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டிலோ 2008ல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016ல் உச்ச நீதிமன்றம் வந்துதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. எட்டு ஆண்டுகள்! சேஷாசலத்தில் பிள்ளைகள் செத்தது இந்த எட்டு ஆண்டுகளுக்கு உள்ளேதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வியாபாரப் பெருமக்களே!

மலை மக்கள் சங்கமானால் நம் கொள்முதல் கெட்டுவிடும் என்று உங்களில் சிலர் அஞ்சலாம். சங்கம் வந்தால் விலை கேட்பார்கள், எடை பார்ப்பார்கள், முன்பணக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்வார்கள். உண்மைதான். கேட்கட்டுமே! அளவு நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருப்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நேர்மையான வியாபாரிக்குச் சங்கத்தால் நட்டமில்லை. எடையில் கை வைப்பவனால்தான் நேர்மையான வியாபாரிக்கு நட்டம். அவன் குறைந்த விலைக்கு விற்று உங்கள் வாடிக்கையைப் பறிக்கிறான். மலையில் நியாய விலை நிலைத்தால் அவன்தான் முதலில் காணாமல் போவான்.

முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி வைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அது குற்றம். கடனைக் காட்டி விளைச்சலைப் பாதி விலைக்கு எழுதி வாங்குவது அதன் தம்பி. இந்த இரண்டும்தான் மலைப் பையனைச் செம்மரத் தரகனிடம் தள்ளி விடுகின்றன. குடும்பக் கடனை அடைக்க வேறு வழி தெரியாமல்தானே அவன் வண்டி ஏறுகிறான்!

உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. கொள்முதல் இடத்தில் விலையைப் பலகையில் எழுதி வையுங்கள். எடையை விற்பவன் கண் முன்னால் போடுங்கள். ரசீது கொடுங்கள். மலையிலிருந்து படிக்க இறங்கும் பிள்ளைகளில் இருவருக்கு உங்கள் ஊரில் தங்க இடமும் விடுமுறையில் கடையில் கௌரவமான வேலையும் கொடுங்கள். 2024ல் இந்த ஜவ்வாது மலையைச் சேர்ந்த 23 வயதுப் பழங்குடிப் பெண் சிவில் நீதிபதித் தேர்வில் வென்று தமிழகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். பிரசவமாகி ஒரு சில நாட்களே ஆன நிலையில் தேர்வு எழுதியவர். அந்த மலையில் திறமைக்கு என்ன பஞ்சம்? கை கொடுப்பாருக்குத்தான் பஞ்சம்.

இளைஞர்களே, உங்களுக்கு!

நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "எங்களைக் கூப்பிடுகிறார்கள், கொடி கட்டச் சொல்கிறார்கள், கோஷம் போடச் சொல்கிறார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள்." உங்கள் குறை நியாயமானது. முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்காமல் உழைப்பை மட்டும் வாங்குவதற்குப் பெயர் இயக்கமல்ல, கூலி கொடுக்காத வேலை. அமைப்புகளின் பெரியவர்கள் இதை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லாத எந்தச் செயற்குழுவும் நாளைய சமுதாயத்துக்காகப் பேசத் தகுதி உள்ளதல்ல.

ஆனால் அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள். ஐந்து பேர் சேருங்கள், போதும். கீழே சொல்லும் வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: காகித வேலை. உங்கள் தெருவிலேயே தொடங்குங்கள். 2007ல் கிடைத்த மூன்றரை விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பீடி சுற்றும் நம் தாய்மார்களுக்கு நல உதவி வேண்டுமானால் அடையாள அட்டை வேண்டும். மலைப் பையனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமானால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். கஷ்டம் வேறு வேறு, அலுவலக வரிசை ஒன்று. திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு, எழுதத் தெரியாத ஒரு குடும்பத்தோடு நீங்கள் போய் நின்று பாருங்கள். ஒரே மாதத்தில் அரசியல் என்றால் என்னவென்று எந்தப் புத்தகமும் சொல்லாத அளவுக்குத் தெரிந்து விடும்.

இரண்டு: கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊராட்சி தோறும் கிராம சபை கூடுகிறது. வன உரிமைச் சட்டத்தில் உரிமைக் கோரிக்கையை முதலில் ஏற்றுப் பரிசீலிக்கும் அதிகாரம் கிராம சபைக்கே தரப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996ன் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமும் இங்கே பொருந்தாது. மலை மக்களுக்குக் கையில் இருக்கும் ஒரே மேடை கிராம சபைதான். அங்கே ஒரு தீர்மானத்தைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்க உங்கள் படிப்பு உதவட்டும்.

மூன்று: சட்டம். 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் விடுமுறையில் ஒரு வாரமாவது, செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் கிடக்கும் ஏழைகளின் குடும்பங்களுக்காகச் செலவிடலாமே! ஜாமீனுக்கு ஆளில்லாமல் கிடப்பதன் வலி நமக்குத் தெரியாததா?

எதைச் செய்தாலும் வெளிச்சத்தில் செய்யுங்கள். கணக்கை எழுதுங்கள், எல்லோருக்கும் காட்டுங்கள். இரகசியமாக அழைப்பவன், ஆயுதத்தைக் காட்டுபவன், பக்கத்து வீட்டுக்காரனை வெறுக்கச் சொல்பவன், இவர்களில் யார் வந்தாலும் கதவை மூடுங்கள். 1980ல் மலையடிவாரத்தில் விழுந்த பிள்ளைகளின் வயதும் உங்கள் வயதுதான்.

முடிவாக ஒன்று. நம் ஊர்களிலும் தரகர்கள் வந்து கொண்டேதான் இருக்கிறார்கள். விசா என்று ஒருவன், வட்டிப் பணம் என்று ஒருவன், நடிகனின் ரசிகர் மன்றம் என்று ஒருவன், போதை மாத்திரையோடு ஒருவன். அவர்கள் நம் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். செல்போன் எண்ணையும், வீட்டுக் கடனையும், மனக்குறையையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நம் அமைப்புகளின் பதிவேட்டில் என்ன இருக்கிறது? சந்தா பாக்கி இருக்கிறது!

சமுதாயத் தலைவர்களே, வியாபாரப் பெருமக்களே, வரும் வாரமே உங்கள் மஹல்லாவில் இருபது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போங்கள். "எங்கள் கூட்டத்துக்கு வா" என்று சொல்லாதீர்கள். "உன் வீட்டில் என்ன கஷ்டம்? உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேளுங்கள். பிறகு அவன் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்து, அதை முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். மலையேறிப் போன தரகன் செய்ததில் பாதியையாவது நியாயமான காரியத்துக்காக நாம் செய்வோம். அந்தப் பட்டியலை எடுக்கப் பேனாவும் ஒரு நோட்டும் போதும். தாமதித்தால், அந்தப் பெயர்களில் சிலவற்றை நாம் செய்தித்தாளில்தான் படிக்க நேரிடும்.